தேயாத வலது செருப்பு

ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். நான் நின்ற வண்டியிலிருந்து விழுந்தவள். பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபோது வலது காலைத் தரையில் ஊன்றினேன். யாரோ சிந்திவிட்டுப் போன டீசல் மேல் கால் வழுக்கியது. வண்டி சாய்ந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே என் முன்னெலும்பின் மேல் வந்து படுத்துக்கொண்டது. காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். வண்டியில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, "வண்டியைப் பாருங்க, வண்டியைப் பாருங்க" என்று கத்தினேனாம். பங்குக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். யானை நடக்கும்போதுதானே சறுக்கும்? நான் நின்றபடியே சறுக்கினேன்.

என் வீட்டுக்காரர் அந்த நொடியில் வண்டியில் இல்லாததால் தப்பித்தார். அவர் தையல்காரர். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதைவிட, பயம். பின்னால் உட்கார்ந்தால் என் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொள்வார். வண்டி ஓடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அது நின்று லேசாக ஒரு பக்கம் சாயும் பாருங்கள், அதுதான் ஆகாது. அதனால் பங்கு வாசலிலேயே இறங்கிவிடுவார். "ரெண்டு பேரு பாரத்தோட நிறுத்தினா உனக்குத்தானே கஷ்டம்" என்று ஒரு சாக்கு வேறு. அன்றைக்கும் அப்படி இறங்கி, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் விழுந்ததை முழுக்கப் பார்த்தவர் அவர்தான்.

நான் வெல்டர். கேட், மாடிப்படி, ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டிக்கான தாங்கு சட்டம் என்று இரும்பில் எது கேட்டாலும் செய்வோம். பட்டறையில் எனக்குப் பெயர் 'அக்கா'. என்னைவிட மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இரும்பை ஒட்டுகிறவளும் துணியை ஒட்டுகிறவரும் சேர்ந்தால் வீட்டில் ஒன்றும் கிழியாது, ஒன்றும் உடையாது என்று என் நாத்தனார் கேலி செய்வாள். அவள் வாய் முகூர்த்தம், உடைந்தே விட்டது.

எலும்பு டாக்டர் ஒரு வயதான அம்மா. குள்ளம், ஆனால் பெரிய கைகள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். என் உடம்புக்குள் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கருப்புக்கு நடுவே இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு நேர்த்தியாக ஒன்றை இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. வலியை மறந்து வாயைப் பிளந்து பார்த்தேன். நடுவில் சாய்வாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது.

"சந்து சின்னதுதான். ரெண்டு முனையும் நேரா இருக்கு. ஒரே ராட்ல பத்த வச்சுடலாம்" என்றேன்.

"இங்க வெல்டிங் எல்லாம் கிடையாதும்மா" என்றார் டாக்டர். "நாங்க நேரா நிறுத்தி வைப்போம், அவ்வளவுதான். அதுவே ஒட்டிக்கும்."

"அதுவேன்னா?"

"அதுவேதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பி இல்லாமல், நெருப்பு இல்லாமல், ஆள் இல்லாமல் எது எதோடு ஒட்டும்?

முதலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பிறகு அதை வெட்டியெடுத்துவிட்டு, காலுக்கு அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் கூடு ஒன்றைப் பூட்டினார்கள். பூச்சிக்கு ஓடு இருப்பது போல என் கெண்டைக்காலுக்கு ஓர் ஓடு. அன்றைக்கு டாக்டர் ஒன்று சொன்னார்: "இனிமே காலை ஊனணும். கக்கத்துல கட்டை இருக்கட்டும். ஆனா வலி பொறுக்கிற அளவுக்கு அழுத்தி நட. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டு."

"ஒடைஞ்ச கால்லயா?"

"ஒடைஞ்ச கால்லதான்."

தலையை ஆட்டினேன். மனசுக்குள் ஆட்டவில்லை.

என் தொழிலில் ஒரு விதி உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பற்றவைத்த இடம் ஆறுகிற வரைக்கும் அதன் மேல் எதுவும் வைக்காதே, தட்டாதே, தண்ணீர் ஊற்றாதே. சிவப்பு மறைந்துவிட்டதே என்று நினைத்து, புதிதாக ஒட்டிய மாடிக் கைப்பிடியில் ஒருவர் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாமல், மயிரிழை மாதிரி ஒரு கீறல் ஓடியது. மொத்தத்தையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து செய்தோம். அதற்குப் பிறகு, அவசரக்காரனுக்கு இரும்பில் வேலை இல்லை என்று பட்டறையில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்ட நான், எனக்குள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற ஓர் இணைப்பின் மேல் ஏறி நிற்பேனா? டாக்டருக்கு எலும்பு தெரியும். இணைப்பைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆகவே கட்டைகளை ஊன்றி, வலது காலைத் தரைக்கு ஒரு நூல் மேலே மிதக்கவிட்டபடி நடந்தேன். யாராவது பார்த்தால் பெருவிரலை மட்டும் தரையில் தொட்டு எடுப்பேன். "அழுத்தி நடக்கிறியாம்மா?" என்று டாக்டர் கேட்டால், "நடக்கிறேன் டாக்டர்" என்பேன்.

எல்லாரும் எனக்குப் பொறுமை இல்லை என்று நினைத்தார்கள். வண்டிக்காரியாயிற்றே, சும்மா இருக்க மாட்டாள், காலை ஆட்டிக் கெடுத்துக்கொள்வாள் என்றார்கள். என் பொறுமை யாருக்குத் தெரியும்? முன்னறையில் நாற்காலி போட்டு, காலைத் துணிக் கட்டின் மேல் தூக்கி வைத்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எந்த வண்டிக்குச் சங்கிலி தளர்ந்திருக்கிறது, எவன் இரண்டாவது கியரிலேயே தெரு முழுக்க ஓட்டுகிறான் என்று சத்தத்திலேயே தெரியும்.

என் வண்டி வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவிலிருந்த நடைபாதையில் நின்றது. பழைய வண்டி. பட்டனைத் தட்டினால் உறுமுகிற ஜாதி இல்லை. காலால் உதைத்தால்தான் எழுந்திருக்கும். அதுவும் வலது கால். அதன் மேல் ஏறி நின்று, உடம்பு முழுவதையும் அந்தக் கால் வழியாகக் கீழே இறக்க வேண்டும். அந்த உதைக்குப் பிறகு அது 'தடதட' என்று உயிர் பிடிக்கும்போது எனக்கும் உயிர் வரும். பட்டறைக்குப் போக பஸ் இருக்கிறது. வெளி வேலைக்குப் போக முதலாளியின் டெம்போ இருக்கிறது. அதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் காலையில் காற்று முகத்தில் அடிக்கிற அந்த நேரம்தான் எனக்கு என் நேரம். அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் காலைத் தரையில் படாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டியையும் காப்பாற்ற வேண்டுமே. "சும்மா நின்னா வண்டி கெட்டுப்போகும். தினமும் காலைல உதைச்சு ஓட விடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நானா?"

"பின்ன, நானா?"

முதல் நாள் வண்டி திருப்பி உதைத்தது. ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "உன்னை மாதிரியேதான் இருக்கு" என்றார். நான் நாற்காலியிலிருந்தே கத்திக் கத்திப் பாடம் நடத்தினேன். சோக்கைப் பாதி இழுங்க, மெதுவா மிதிச்சு எங்க கனமா இருக்குன்னு பாருங்க, அங்கேர்ந்து ஒரே அழுத்து. நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற கால் அல்லவா, மெலிவாக இருந்தாலும் பழகிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு காலையும் தூங்கி எழுந்தவுடன் அவர் வண்டியை உதைப்பதும், சுவரில் சத்தம் முட்டி வீடு முழுக்க நிறைவதும் வழக்கமாயிற்று. வண்டி ஓடுகிற வரைக்கும் கைப்பிடியை முரட்டு மாடு பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

எலும்பு மட்டும் ஒட்டவில்லை.

ஒவ்வொரு படத்திலும் அதே கருப்புக் கோடு. டாக்டர் சர்க்கரை பார்த்தார், ரத்தம் பார்த்தார், புகை பிடிப்பியா என்று கேட்டார். "வெல்டிங் புகைதான்" என்றேன். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு எலும்புக் கதை சொன்னார்கள். யாருக்கோ ஒட்டவே இல்லையாம், யாருக்கோ கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டதாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நாத்தனார் மட்டும், "அண்ணி, பேசாம அண்ணன்கிட்ட கொடுங்க, ரெட்டைத் தையல் போட்டுடுவாரு" என்றாள். அவளை எனக்குப் பிடிக்கும்.

கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு படம் எடுப்போம். அதுலயும் ஒண்ணும் இல்லைன்னா, திறக்க வேண்டியதுதான். இடுப்பிலேர்ந்து எலும்புத் துண்டு எடுத்து வச்சு, தகடு போட்டு முடுக்கணும். மறுபடியும் மொதல்லேர்ந்து. நடக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனா அந்த உதைக்கிற வண்டியை மறந்துடு."

வீட்டுக்கு வந்ததும் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழும்போதும் ஒற்றைக் காலில்தான் நின்றேன்.

மறுநாள் என் இடது செருப்பின் வார் அறுந்தது. அவர் ஊசியும் தடித்த நூலுமாக வாசற்படியில் உட்கார்ந்து தைத்தார். தைத்துவிட்டு, வலதுக்கும் ஒரு தையல் போட்டுவிடலாம் என்று அதையும் எடுத்தார். விழுந்த அன்று பழைய ஜோடி பங்கிலேயே தொலைந்துவிட்டதால் புதிதாக வாங்கிய செருப்புகள் அவை. ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு செருப்பையும் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு செருப்பு?" என்றார்.

"என்னோடதுதான். வேற யாரோடது?"

"ரெண்டுமா?"

இடது செருப்பின் அடி தேய்ந்து, குதிகால் பக்கம் வழவழவென்று ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலதின் அடியில், கம்பெனிக்காரன் அச்சடித்த சின்னச் சின்னக் கட்டங்கள் கூர்மையாக அப்படியே இருந்தன. விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. ஆனால் நான் தோற்கிற ஜாதியா?

"ஆறாத ஜாயின்ட் மேல யாராவது பாரம் வைப்பாங்களா? என்னங்க பேசுறீங்க? எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்குறேன் நான்?"

"நானும்தான் ஒட்டுற வேலை பார்க்குறேன். தைச்சு முடிச்சதும் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பார்ப்பேன். இழுக்காம கொடுத்தா அது தையலே இல்ல."

"அது துணி. இது எலும்பு."

"உன்னோடது இரும்பு. இது எலும்பு" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. சும்மா நின்னா வண்டி கெட்டுப்போகும்னு தினமும் என்னை உதைக்க வைக்கிறியே. உன் கால் மட்டும் சும்மா நின்னா கெடாதா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். நான் தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து கத்திய பாடம், திரும்பி வந்து என் மடியிலேயே விழுந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரர் இரண்டு செருப்பையும் டாக்டரின் மேஜையில் கவிழ்த்து வைத்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், மற்றதை எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முதலில் சிரித்தார்.

"ரத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். செருப்பைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். அதற்குப் பிறகு திட்டினார். அது எழுதுகிற மாதிரி இல்லை.

திட்டி முடித்ததும் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றினார். இழுப்பறையிலிருந்து ஓர் இரும்புக் கவையை எடுத்தார். இரண்டு விரலை நீட்டியது போல இருந்தது; பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் தட்டி ஒலி எழுப்பிக் காட்டுவார்களே, அது. "இது பழைய காலத்து வழி. இதை வச்சு முடிவு பண்ண மாட்டேன், முடிவெல்லாம் படத்துலதான். ஆனா உனக்குப் புரியும்" என்று சொல்லி, காதில் மாட்டுகிற குழாயை எனக்கு மாட்டிவிட்டார். அதன் வட்டத்தை என் இடது கணுக்கால் முண்டில் வைத்தார். கவையை மேஜை விளிம்பில் தட்டி, அதன் காம்பை முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊன்றினார்.

எனக்குள் மணி அடித்தது. பொய்யில்லை. முழங்காலில் வைத்த சத்தம் என் எலும்பு வழியாகவே நடந்து வந்து, கணுக்காலில் இறங்கி, குழாய் வழியாகக் காதுக்குள் ரீங்காரமிட்டது. நல்ல இணைப்பை நான் சுத்தியலால் தட்டினால் கேட்குமே, அதே சுத்தமான சத்தம். என் வாழ்நாள் முழுக்க இரும்பைத் தட்டிக் கேட்டிருக்கிறேன். என்னைத் தட்டிக் கேட்டதில்லை.

பிறகு வலது கால். அதே கவை, அதே தட்டு. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போல மங்கலாக ஒன்று கேட்டது. வழியில் எங்கேயோ அந்தச் சத்தம் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

"எலும்புன்னா கல்லுன்னு நினைச்சியா?" என்றார் டாக்டர். "உள்ள ஆளுங்க இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன உயிருங்க. ஒரு கூட்டம் கட்டும், ஒரு கூட்டம் இடிக்கும். நீ ஊனினா, எங்க பாரம் இறங்குதுன்னு அதுங்களுக்குத் தெரியும். அங்க கொண்டுவந்து கொட்டும். பாரமே இறங்கலைன்னா? இந்தக் கால் யாருக்கும் வேணாம் போலன்னு உக்காந்துடும்."

எங்கள் பட்டறையில் வேலை சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். என் காலுக்குள்ளேயும் அதே கதைதானா! வெட்கப்படத்தான் வேண்டும். ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்று எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரியாமல், எனக்காக, எனக்குள் ஒரு பட்டறையே கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு என் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறது. நான்தான் காலைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் டயம் தாங்க டாக்டர்" என்றேன்.

"அடுத்த படம் வரைக்கும்" என்றார் அவர்.

பக்கத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஆள் நிற்கிற எடை மெஷின் ஒன்றை வீட்டுக்காரர் இரவல் வாங்கி வந்தார். முன்னறையில் துணி வெட்டுகிற மேஜை பக்கத்தில் அதை வைத்து, அதே உயரத்துக்கு இடது காலுக்கு ஒரு பலகையும் போட்டார். நான் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, கூடு பூட்டிய வலது காலை மெஷின் மேல் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். ஊசி அசையவில்லை.

"அழுத்து" என்றார்.

நெருப்புக்கும் கரண்டுக்கும் பயப்படாதவள் நான். உயரத்தில் ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்து பற்றவைத்திருக்கிறேன். அந்த மெஷின் முன்னால் என் முதுகெல்லாம் வேர்த்து ஒழுகியது. அந்த மயிரிழைக் கீறல் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. விரல் நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிகாலை இறக்கினேன். வலித்தது. ஆனால் நான் எதிர்பார்த்த வலி இல்லை. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளினால் முனகுமே, அந்த மாதிரி. ஊசி சிலிர்த்து, கொஞ்சம் நகர்ந்தது.

"ஒடையல" என்றேன்.

"ஒடையல" என்றார் அவர். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வேர்த்திருந்தது.

அதிலிருந்து காலையில் அவர் வண்டியை உதைப்பார். நான் மெஷினை மிதிப்பேன். இரண்டும் முடிந்தால்தான் எங்களுக்குக் காப்பி. ஊசி நாளுக்கு நாள் ஏறியது. அவர் டேப்பை என் ஆடுசதையைச் சுற்றிப் போட்டு அளந்து, "கால்சட்டையைப் பிரிக்கணும் போலிருக்கே" என்று பெருமையாகச் சொல்வார். முன்பு அது சூம்பிக்கொண்டே போனதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். எனக்கு மனசு நோகும் என்று சொல்லவில்லையாம். நான் ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டேன். பிறகு மற்றதையும். வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து, விலைச் சீட்டு கிழிந்தது, சின்னக் கட்டங்கள் மங்கின. தினமும் செருப்பைக் கவிழ்த்துப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

படம் எடுக்கிற நாளும் வந்தது. டாக்டர் அதைப் பெட்டியில் செருகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் என் சட்டையைப் பிடிப்பாரே, அதே பிடி.

"கண்ணைத் திறம்மா" என்றார் டாக்டர்.

கருப்புக் கோடு இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு மேகம் திரண்டிருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் கை கோத்துக்கொண்டு, எலும்பைவிடத் தடியாக, ஒரு முடிச்சு மாதிரி. எந்த வெல்டரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள், அது புதிதாகப் போட்ட பற்றவைப்பு என்று. கொஞ்சம் அதிகமாகவே கொட்டியிருந்தார்கள். கை தாராளமான ஆட்கள்.

"இப்ப உன் கால்லயே தடிமனான இடம் இதுதான்" என்றார் டாக்டர்.

"இந்த முடிச்சு இப்படியே இருக்குமா?"

"இல்ல. அதுவே கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சு சமம் பண்ணிடும். வருஷக்கணக்கா ஆகும். ஒரு காலத்துல படம் எடுத்தா, எங்க ஒடைஞ்சதுன்னு தேடணும்."

"கிரைண்டிங்கும் அதுவேவா?" என்றேன். யார் சொல்லி, எந்தக் கண்ணால் பார்த்து, எந்தக் கையால் தேய்க்கிறார்கள்? நான் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் நாத்தனாரோடு சிரிக்கும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்குமாம். கூலி கேட்காமல், ஒரு நாள் லீவு எடுக்காமல். என்னைப் போல ஆயிரம் வெல்டர்கள் ஆயிரம் வருஷம் உட்கார்ந்தாலும் இந்த வேலை வராது. இதைத்தான் நான் பூச்சு காயாத சுவர் மாதிரி நினைத்து, யாரும் தொடாதீர்கள் என்று காவல் காத்திருக்கிறேன்.

நான் கேட்காமலேயே டாக்டர் இழுப்பறையிலிருந்து கவையை எடுத்தார். நானே தட்டினேன், நானே கேட்டேன். வலது காலிலும் சத்தம் நடந்து வந்தது. இடது அளவுக்கு இல்லை, ஆனால் கதவு திறந்திருந்தது. குழாயைக் கழற்றி வீட்டுக்காரர் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். "உள்ள யாரோ மெஷின் ஓட்டுறாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்கு உடனே அனுமதி கிடைக்கவில்லை. "இது முடிச்சு போட்டிருக்கு, இன்னும் இறுகணும்" என்று டாக்டர் இழுத்தடித்தார். கூடு கழன்றது. பட்டறைக்கு பஸ்ஸில் போனேன். பிறகு இன்னொரு படம், இன்னும் தடித்த வெள்ளை. ஒரு நாள் அவரே, "போ, போய் உதை. முதல்ல மெதுவா" என்றார்.

மறுநாள் காலை நடைபாதையில் வண்டியின் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் வழக்கம் போலக் கைப்பிடியைப் பிடிக்க வந்தவர், ஞாபகம் வந்து தள்ளி நின்றுகொண்டார். அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. சோக்கைப் பாதி இழுத்தேன். மெதுவாக மிதித்து, கனமாக இருக்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"தினமும் நான் உதைக்கிறேன். பயமா இருந்தாலும் உதைக்கத்தான் செய்றேன்."

ஏறி நின்று, என்னிடம் இருந்த மொத்தத்தையும் அந்தக் கால் வழியாக இறக்கினேன். முடிச்சு தாங்கியது. சுவரெல்லாம் அதிர, வண்டி உயிர் பிடித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காற்று முகத்தில் அடித்தது. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. தெரு, வளைவு, மேடு, மேட்டின் உச்சியில் வயிற்றுக்குள் வருகிற அந்தக் கூச்சம்.

பெட்ரோல் காலியாகப் போகிறது என்று முள் காட்டியது. அதே பங்குதான் வழியில் இருந்தது. வாசல் வந்ததும் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன். அவர் இறங்குவார் என்று காத்திருந்தேன். வரிசை நீளமாக இருந்தது. தரை ஈரமாக, அங்கங்கே எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. பங்குக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"நான் இறங்கிக்கட்டுமா?" என்றார் பின்னாலிருந்து. "ரெண்டு பேரு பாரம்."

வண்டியை நேராக உள்ளே விட்டு, வரிசையில் நிறுத்தினேன். தரையைப் பார்த்து, காய்ந்த இடமாகத் தேடி, வலது காலை ஊன்றினேன். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. வண்டியும் நானும் அவரும் சேர்ந்து, மொத்தமாக அந்த முடிச்சின் மேல் வந்து உட்கார்ந்தோம்.

"அசையாம உக்காருங்க" என்றேன். "பாரம் வேணும்னுதானே டாக்டர் சொல்லியிருக்காங்க."